விதிப்படி, காலையில் சாப்பிடவில்லை

புதிதாக நடன வகுப்பெடுக்க வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு இன்னும் முப்பது வயது முடியவில்லை. என் இடது முழங்கால் மட்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. அதன் பின்னால் நானும் போக வேண்டியதாயிற்று. அடவு, ஜதி, தட்டுக்கழி பிடிக்கும் விதம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். முறையாகப் படித்து, தேர்வு எழுதித்தான் வந்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். பாடத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியே இங்கே சொல்லப்போகிறேன். அது நீங்கள் கையில் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம்.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த அவசரகாலத்தில் ரப்பர் தோட்டங்களுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது கம்பி வேலிகளைப் பிரித்துச் சுருட்டிவிட்டார்கள். உங்களுக்கு அது கதைபோல இருக்கும். அதனால் மூன்று செய்திகளை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே வாசல் வைத்து, உள்ளே போகிறவரையும் வெளியே வருகிறவரையும் சோதித்தார்கள். இரண்டு, காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, நான் சொல்லும் தோட்டத்தில் யார் வீட்டிலும் உலை வைக்க விடவில்லை. ஒரே சமையல் கொட்டகை. காலையிலும் மாலையிலும் ஆளுக்கு ஒரு மங்குத் தட்டுச் சோறு. பெயரைப் பார்த்துக் கோடு போட்டுக் கொடுப்பார்கள். ஆக்கிய சோறு மறுநாள் ஊசிப்போகும். பதுக்க முடியாது என்பது கணக்கு. மூன்று, ஒரு வீட்டிலிருந்து சோறு வெளியே போனது என்று சந்தேகம் விழுந்தால் போதும். அந்தக் குடும்பத்தை லாரியில் ஏற்றித் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து சிலரைக் கப்பல் ஏற்றி, அவர்கள் பார்த்தேயிராத இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

நான் ஜாசின் பட்டணத்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் செல்லும் அனுமதிச்சீட்டு என்னிடம் இருந்தது. பஸ்ஸில் போய் இறங்கி, வாசலில் பையைக் கொட்டிக் காட்டி, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையில் தூளிகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுப் பதினாறு பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். வாரத்தில் ஆறு நாள் புல்வெட்டுக் கும்பலில் வேலை செய்கிறவர்கள்.

என் நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கட்டங்கள்: வருகை, அரைமண்டி, காலம், கை, கண், மற்றவை. பக்கங்களுக்கு நானே மையால் எண் போட்டிருந்தேன், ஒன்று முதல் தொண்ணூற்றாறு வரை. அதற்கும் காரணம் உண்டு. வந்த புதிதில் ஒரு தாளைக் கிழித்துக் குங்குமம் மடித்து வைத்திருந்தேன். கிழிந்த தாளில் என்ன எழுதி யாருக்குக் கொடுத்தாய் என்று வாசலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அதன் பிறகுதான் எண். எண் போட்ட நோட்டைக் கண்டால் சந்தேகம் வராது என்று நினைத்தேன். அந்த எண்களே பிறகு என் கையைக் கட்டிப்போட்டன.

ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்தேன்.

"இந்த வருஷம் முடியிறதுக்குள்ள நீங்க அடையவேண்டிய ஒரு இலக்கு. அவங்கவங்களுக்கு உள்ளது. எழுதிக் கொடுங்க."

"இலக்குன்னா என்னா டீச்சர்?" என்றாள் சரோஜா. எல்லாக் கேள்வியையும் முதலில் கேட்பவள் அவள்தான்.

"நீயா மனசுல வச்சு, முடிக்காம விடமாட்டேன்னு நினைக்கிறது."

"முடிக்காட்டி அடிப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப சரி லா."

சீட்டுகள் வந்தன. ஒருத்தி ஒரு மாதம் முழுக்கத் தட்டுக்கழியால் தட்டு வாங்காமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஒருத்திக்குச் சிரிக்காமல் நமஸ்காரம் செய்ய வேண்டும். சரோஜாவின் சீட்டில், "அஞ்சலையைவிட ஒரு தடவையாவது நன்றாக ஆட வேண்டும்" என்று இருந்தது. அஞ்சலை எழுதியது இது: "தட்டடவு எட்டும் மூன்று காலத்திலும் நிமிராமல்."

எட்டு வகைத் தட்டடவையும் முதலில் மெதுவாக, பிறகு இரட்டிப்பாக, பிறகு அதற்கும் இரட்டிப்பாக, முழங்காலை மடக்கிய அரைமண்டியிலிருந்து ஒருமுறைகூட நிமிராமல் ஆடி முடிப்பது எத்தனை கடினம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வயதில் என்னால் முடிந்ததில்லை. நான் மகிழ்ந்துபோனேன். நானும் எனக்கு ஒரு சீட்டு எழுதிக்கொண்டேன்: "பிள்ளைகளிடம் காண்பது எதையும் எழுதாமல் விடக் கூடாது."

இலக்கு என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் கற்றேன். அந்தப் பிள்ளைகளுக்கு முடிக்காமல் விடமாட்டேன் என்ற எண்ணம் எந்த வழியாக வரும் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. என் பிழை அங்கே தொடங்கியது.

மூன்றாவது வாரம் அஞ்சலை ஐந்தாவது அடவில் தள்ளாடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் நன்றாக ஆடுகிறவள் அவள்தான்.

"காலையில சாப்பிட்டியா?"

பதில் இல்லை.

"சோறு வாங்கலையா?"

தலையைக் குனிந்து சலங்கையை இறுக்கிக் கட்டினாள். நான் பதினான்காம் பக்கத்தை எடுத்து, 'மற்றவை' என்ற கட்டத்தில் எழுதினேன்: "காலையில் சாப்பிடவில்லை. மூன்றாம் காலத்தில் தளர்ச்சி. கேட்டால் பதில் இல்லை." அதன் கீழே, "இடது சலங்கைக்கு அடியில் ஏதோ கயிறு. உடைக்கு ஆகாது, கழற்றச் சொல்ல வேண்டும்." கண்டது எல்லாம் எழுதினேன். கண்டதில் ஒன்றையாவது நினைத்துப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை.

அன்று வகுப்பு முடிந்து லயத்துப் பக்கம் போய் அஞ்சலையின் தாயைப் பார்த்தேன். கணவனை இழந்தவர், ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர். மகள் காலையில் சாப்பிடுவதில்லையா என்று கேட்டேன்.

"தெனம் தட்ட எடுத்துக்கிட்டுப் போயி வாங்குறாளே. பேரு கூப்புட்டுக் கோடு போடுறாங்களே" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "எம்புள்ளயப் பத்தி என்னம்மா எழுதுற நீ?"

"வகுப்புக் குறிப்பு அக்கா."

"வகுப்புக் குறிப்புல எதுக்கும்மா சோறு?"

அந்த லயத்தில் பிள்ளைகள் எனக்கு 'எழுதுற டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தது அன்றுதான் காதில் விழுந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது நான் அஞ்சலையைச் சந்தேகித்தேன். வாங்குகிறாள், சாப்பிடுவதில்லை. அப்படியானால் சோறு எங்கே போகிறது? மனதுக்குள் பட்டியல் போட்டேன். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. யாரோ ஒரு பையனுக்குக் கொடுக்கிறாள். காட்டுக்குப் போகிறது. மூன்றாவதை நினைத்ததும் பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஜாசின் வரும்வரை நோட்டை மடியில் கவிழ்த்தே வைத்திருந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு வகுப்பு முடிந்ததும் தோட்டத்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். உள்ளே தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரும் இருந்தார்கள். கிராணி தமிழர், கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை. யாரிடமும் அதிகம் பேசமாட்டார், எல்லாரையும் பற்றி அவருக்குத் தெரியும். அவர் இருக்கும் இடத்தில் தொழிலாளிகள் குரலைத் தாழ்த்துவார்கள். இன்ஸ்பெக்டர் மலாயில் பேசினார். எனக்கு மலாய் புரியும். அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேலிக்கு வெளியே, ரப்பர் மரத்தடியில், வாழையிலையில் சுற்றிய சோறு இரண்டு முறை கிடைத்திருக்கிறது. காலைச் சோறு. எந்த வீட்டிலிருந்து என்று தெரியவில்லை.

"இந்த டீச்சர் வாராவாரம் பிள்ளைகளின் உடம்பைப் பார்க்கிறார். பார்த்ததை எழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்" என்றார்.

யாரிடம் கேள்விப்பட்டார்? நான் கிராணியைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தார்.

அந்த நேரம் வாசலில் ஏதோ லாரி வந்து நிற்க, காவலாளி இன்ஸ்பெக்டரை அழைத்தான். அவர் எழுந்து வெளியே போனார். நோட்டு இன்னும் என் மடியில் இருந்தது. பதினான்காம் பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண் இருக்கிறது. அழிக்க முடியாது, அழித்த இடம்தான் முதலில் கண்ணில் படும். அந்த நான்கு வரிகள் ஒரு தாயையும் மகளையும் லாரியில் ஏற்றப் போதும். அதை எழுதியவள் நான்.

வகுப்பில் ஒருத்தி தவறாக ஆடினால் எல்லாரும் பார்ப்பார்கள். பதினாறு பேரும் அதே தவறைச் செய்தால் அது புது அடவு என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனை அவ்வளவுதான். பென்சிலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். 'மற்றவை' கட்டத்தில், "விதிப்படி, காலையில் சாப்பிடவில்லை." அடுத்த பக்கம். அடுத்த பக்கம். சிலருக்கு, "மூன்றாம் காலத்தில் தளர்ச்சி." இருவருக்கு, "கேட்டால் பதில் இல்லை." சரோஜாவுக்கு, "கேட்டால் பதில் அதிகம்." பதினான்காம் பக்கத்தில் முதல் வரிக்கு முன்னால் இருந்த சிறு இடத்தில், 'விதிப்படி' என்று நெருக்கி எழுதினேன்.

பதினைந்தாம் பக்கத்தில் பென்சில் முனை உடைந்தது. தலை நிமிர்ந்தேன். கிராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரமாக என்று தெரியாது. அவர் தன் மேசையிலிருந்த சீவிய பென்சில் ஒன்றை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னல் வழியாக லாரியைப் பார்க்கத் தொடங்கினார்.

அது உதவியா பொறியா என்று யோசிக்க நேரமில்லை. எடுத்து எழுதி முடித்தேன்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கிராணி ஒவ்வொரு பக்கமாக வாசித்து மலாயில் சொன்னார். ஒரே குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. பதினான்காம் பக்கம் வந்தது. "இந்தப் பிள்ளையும் அப்படித்தான், விதிப்படி. அமைதியான பிள்ளை" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். 'பதில் இல்லை' என்பதை அவர் அப்படி மொழிபெயர்த்தார். கயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் முட்டாள் அல்லர். "நல்லது. பதினாறு பேர் காலையில் சோறு வாங்குகிறார்கள், சாப்பிடுவதில்லை. பதினாறு தட்டுச் சோறு எங்கே போகிறது?"

ஒரு தட்டை மறைக்கப் போய்ப் பதினாறு தட்டுகளுக்குப் பொறுப்பாளி ஆகியிருந்தேன்.

"வகுப்பு முடிந்ததும் சாப்பிடுவார்கள்" என்று கிராணியிடம் தமிழில் சொன்னேன். "வயிறு நிறைந்திருந்தால் அரைமண்டி உட்கார முடியாது. எங்கள் கலையின் விதி."

"யார் பார்த்தது?"

"நான்."

"அடுத்த ஞாயிறு நானும் பார்க்கிறேன்" என்று சொல்லி நோட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அடுத்த ஞாயிறுவரை என்னால் வேலிக்குள் வர முடியாது. தட்டுக்கழியை மறந்துவிட்டேன் என்று சொல்லி ஆயாக்கொட்டகைக்கு ஓடினேன். சரோஜா தூளிகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை யாரும் சாப்பிட்டுட்டு வரக் கூடாது. காலைச் சோத்தைத் தட்டோட மூடி இங்க கொண்டுவரணும். வகுப்பு முடிஞ்சு சாப்பிடலாம். பதினாறு பேரும்."

"ஏன் டீச்சர்?"

"விதி."

"எப்பலேருந்து?"

"ஒன்னாம் தேதியிலேருந்து."

சரோஜா என்னைப் பார்த்தாள். ஆபீஸ் பக்கம் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஆமா டீச்சர்" என்றாள். "ஒன்னாம் தேதியே சொன்னீங்க. நான்தான் வாய்ப் பேச்சுல மறந்துட்டேன்."

அந்தப் பிள்ளைக்குப் பதினான்கு வயது. நான் இரண்டு நாட்டில் படித்தவள். ஆபீசில் எனக்குக் கால் மணி நேரம் எடுத்தது, அவளுக்கு மூன்று பார்வையில் முடிந்துவிட்டது.

அந்த வாரம் முழுவதும் எனக்கு எல்லார்மீதும் சந்தேகம். கிராணி ஏன் பென்சில் கொடுத்தார்? பிறகு என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு சாட்சியாகவா? அஞ்சலை ஏன் வாய் திறக்கவில்லை? குற்றம் இல்லாதவள் பதில் சொல்வாளே. இன்ஸ்பெக்டர் முன்னால் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்தால் என்ன செய்வது? தட்டைக் கையில் கொடுத்து, 'சாப்பிடு, உன் அம்மாவுக்காக' என்று காதில் சொல்லலாம். அதுவரைதான் யோசித்து வைத்திருந்தேன்.

ஞாயிறு வந்தது. ஆயாக்கொட்டகைச் சுவரோரம் பதினாறு மங்குத் தட்டுகள், இலையும் துணியுமாக மூடி, வரிசையாக இருந்தன. குழம்பு வாசனை கொட்டகை முழுக்க. இன்ஸ்பெக்டரும் கிராணியும் ஆயாவின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வகுப்பு நடந்தது. அஞ்சலை எட்டு அடவையும் தொடங்கி, மூன்றாம் காலத்தில் ஆறாவதில் நிமிர்ந்துவிட்டாள். கண்ணை மூடி மூச்சு வாங்கினாள்.

"சாப்பிடுங்க" என்றேன்.

பதினைந்து தட்டுகள் திறந்தன. வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சரோஜா இரண்டாவது வாயிலேயே இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "வாரா வாரம் இப்படித்தான் சார், இந்த டீச்சரு பட்டினி போட்டே கொல்றாங்க" என்றாள். கிராணி அதை மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பதினாறாவது தட்டைக் காட்டினார்.

"அது யாருடையது?"

அஞ்சலை தட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மூடிய துணியைத் தொடவில்லை. நான் அருகே போய்க் குனிந்தேன். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதற்குள் அவள் பேசினாள்.

"டீச்சர், இன்னும் ஒருக்கா எட்டையும் ஆடிக்கிறேன்."

"சாப்பிட்டுட்டு ஆடு."

"ஆடிட்டுத்தான் டீச்சர்."

சலங்கையை இறுக்கக் குனிந்தாள். தோல்பட்டை விலகியது. அதன் அடியில், கணுக்காலைச் சுற்றி, வியர்வையில் நிறம் மங்கிய மஞ்சள் கயிறு. முடிச்சில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு.

காப்புக் கயிறு. நான் நோட்டில் 'ஏதோ கயிறு' என்று எழுதியது.

அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. மனதில் வைத்து, முடிக்காமல் விடமாட்டேன் என்பது என்று நான் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: தோட்டத்து மாரியம்மனிடம் போய், இது முடியும்வரை காலைச் சோறு தொடமாட்டேன் என்று காப்புக் கட்டிக்கொள்வது. கட்டிக்கொண்ட வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் அது கலைந்துபோகும். அதனால் என்னிடமும் சொல்லவில்லை, தாயிடமும் சொல்லவில்லை. கயிற்றை மற்றவர் கண்ணில் படும்படி கையில் கட்டாமல் சலங்கைக்கு அடியில் கட்டியிருந்தாள். ஐந்து வாரம். முகாமுக்கே கொண்டுபோனாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

நான் நிமிர்ந்தேன். "இந்தப் பிள்ளைக்கு ஒரு பாடம் பாக்கி. முடித்த பிறகு சாப்பிடுவாள்" என்று கிராணியிடம் சொன்னேன்.

"அதுவும் விதியா?" என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார்.

கிராணி என்னிடம் கேட்கவே இல்லை. "விதிதான்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அஞ்சலை நடுவில் வந்து அரைமண்டியில் உட்கார்ந்தாள். நான் தட்டுக்கழியை எடுத்தேன். தை யா தை. முதல் காலம் போயிற்று. இரண்டாம் காலம் போயிற்று. தொடைகள் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. மூன்றாம் காலத்தை என் கைதான் தொடங்கி வைக்க வேண்டும். தாளம் என் கையில் இருந்தது. ஒரு நூலளவு மெதுவாகத் தட்டினால் அவள் முடித்துவிடுவாள். இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது, கிராணிக்குத் தெரியாது. நான் மெதுவாகத் தட்டினேன்.

இரண்டு அடவு போனது. அஞ்சலை நிமிரவில்லை. கால் நிற்கவில்லை. பார்வையை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"டீச்சர். இது மூணாங்காலம் இல்ல."

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றும் யோசிக்கிறேன். தாய், முகாம், கப்பல் எல்லாம் ஒரு பக்கம். என் கழியின் வேகம் ஒரு பக்கம். கேட்காததுபோல் மெதுவாகவே தட்டியிருந்தால் அவள் ஆடி முடித்திருப்பாள். முடித்த பிறகும் சோற்றைத் தொட்டிருக்கமாட்டாள். ஏமாற்றிய தாளத்தில் வேண்டுதல் தீராது. அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

"மூணாங்காலம், முதல்லேருந்து" என்றேன். சரியான வேகத்தில் தட்டினேன்.

மூன்றாவது அடவில் சரோஜா சோற்றுக் கையோடு கூடவே சொற்கட்டு சொல்லத் தொடங்கினாள், தை யா தை. ஐந்தாவதில் பதினைந்து பேரும். வாயில் சோறு, குரலில் ஜதி. ஆறாவதில் அஞ்சலை விழப்போனாள், விழவில்லை. ஏழாவது. எட்டாவதின் கடைசித் தட்டு விழுந்ததும் நான் கழியைக் கீழே வைத்தேன்.

அவள் நிமிர்ந்து, நமஸ்காரம் செய்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கை கழுவினாள். துணியை விலக்கினாள். யாரையும் பார்க்காமல், ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். இன்ஸ்பெக்டர் கடைசிவரை இருந்து பார்த்தார். எழுந்தபோது, "கடினமான பள்ளிக்கூடம்" என்றார். என் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கிராணி பின்தங்கினார். "நல்ல விதி டீச்சர்" என்றார். "என் பென்சில் உங்ககிட்ட இருக்கு." கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் யார் பக்கம் என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. நடந்தது இன்னும் கொஞ்சம் உண்டு.

அடுத்த ஞாயிறு வாசலில் கிராணி நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "இந்த வாரம் கம்பிக்கு வெளிய ஒன்னும் கெடைக்கலையாம் டீச்சர்."

வேண்டுதல் தீர்ந்த வாரம். அஞ்சலை மறுபடி காலைச் சோறு சாப்பிடத் தொடங்கிய வாரம். கொட்டகைவரை நடப்பதற்குள் என் மனம் பழையபடி கட்டம் போடத் தொடங்கிவிட்டது. அவள் ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் கூப்பிட்டு, கோடு போட்டு, வாங்கிய சோறு ஐந்து வாரம் எங்கே போனது என்று தெரியவில்லை. கோழிக்குப் போட்டிருக்கலாம். வாய்க்காலில் கொட்டியிருக்கலாம். வீணாக்க மனம் வராமல் பசித்த யாருக்கோ வைத்திருக்கலாம். அந்தப் பசித்தவர் வேலிக்கு எந்தப் பக்கம் இருந்தார்?

மற்றவர்கள் வருவதற்கு முன் அவள் வந்துவிட்டாள். கன்னம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தூளிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் நோட்டைப் பதினான்காம் பக்கத்தில் திறந்து மடியில் வைத்திருந்தேன், வழக்கம்போல, கையில் பென்சிலோடு.

"அஞ்சலை, அந்தக் காலைச் சோறெல்லாம்..."

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பென்சிலைப் பார்த்தாள்.

"எழுதப் போறீங்களா டீச்சர்?"

நான் நோட்டை மூடினேன். தூளியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்து சுருட்டி மேலே கட்டினோம். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த நோட்டு இப்போது உங்கள் அலமாரியில் இருக்கிறது. தொண்ணூற்றாறு பக்கமும் இருக்கும், எண்ணிப் பாருங்கள். பதினான்காம் பக்கத்தில் அந்த நான்கு வரிகளுக்குக் கீழே 'மற்றவை' கட்டம் காலியாக இருக்கும். அஞ்சலை அதன் பிறகு என்னிடம் நான்கு ஆண்டுகள் ஆடினாள். அந்தக் கட்டத்தில் எழுத ஆயிரம் இருந்தது. அதை நிரப்பாமல்தான் உங்களிடம் கொடுக்கிறேன். நீங்களும் நிரப்ப வேண்டாம்.